விழுந்து எழ ஒரு புல்தரை

டிரைவர் எங்கள் இல்லத்துக்கு வந்த ஐந்தாம் நாள், புல்தரையின் நட்டநடுவில் குப்புற விழுந்தார்.

கால் இழந்தவர்களும், ஒரு பக்கம் செயலற்றுப் போனவர்களும் தங்கி நடக்கப் பழகும் இல்லம் எங்களுடையது. நான் அங்கே துணி துவைக்கிறவள். டிரைவர் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. புதுக்காலை மாட்டிக்கொண்டு, இரண்டு ஊன்றுகோலோடு, பயிற்சி டீச்சர் பக்கத்தில் வர ஏழு அடி எடுத்து வைத்தார். எட்டாவது அடியில் ஆள் சாய்ந்துவிட்டார். அன்று பார்வையாளர் நாள். வராந்தா முழுக்கக் கூட்டம். அவருடைய மனைவி, மச்சான், மச்சான் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள்.

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பப் போன நேரத்தில், சுவர் ஓரமாகப் புல் வெட்டும் மெஷின் 'டர்ர்ர்' என்று உறுமியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மெஷினிலிருந்து கரும்புகை கிளம்பியது. அதை ஓட்டுகிற மெஷின் அக்கா ஏதோ பெரிய ரிப்பேர் பார்ப்பதுபோலக் குனிந்தார், நிமிர்ந்தார், அதை ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் மறுபடி திரும்பிப் பார்த்தபோது டிரைவர் எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். "அந்த ஓரத்தை நேத்துதானேக்கா வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு இருமல் தங்கச்சி. இருமிட்டுப் போகட்டும்."

அந்த மெஷினுக்கு யாராவது விழும்போது மட்டும்தான் இருமல் வருகிறது என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் நான் கேட்கவில்லை. சில நல்ல காரியங்களைக் கேட்டுவிட்டால் செய்கிறவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும்.

மெஷின் அக்காவுக்குச் சொந்தப் பெயர் இருந்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். புல்லில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். "காலுக்குத்தான் தெரியும், எங்க ஈரம், எங்க மேடுன்னு. கண்ணு பொய் சொல்லும்" என்பார். மெஷினை 'மருமக' என்றுதான் கூப்பிடுவார். கயிற்றை ரெண்டு தடவை இழுத்தால்தான் எழுந்திருப்பாள், எழுந்தால் நிறுத்த முடியாது, எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எங்களிடம் குறை சொல்வார். சொல்லிவிட்டு அவளுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுவார்.

அவர் இந்த இல்லத்துக்கு வேலைக்கு வந்தவர் இல்லை. கட்டிட வேலை செய்த வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே பலம் போக, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அப்போது இங்கே புல் கிடையாது. முற்றம் முழுக்கக் கல் பாவியிருந்தது. வீட்டுக்காரர் இரண்டாம் நாளே அந்தக் கல்லில் விழுந்து முகவாய் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்து நிற்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். டாக்டர் சொன்னார், டீச்சர் சொன்னார், கேட்கவில்லை. அக்கா வேறு வழி பார்த்தார். மறுநாள் காலை வாய்க்கால் கரைக்குப் போய் ஒரு சாக்கு நிறைய அறுகம்புல் பிடுங்கி வந்தார். பின்பக்கம் கல் இல்லாத ஒரு மூலையில் ஒரு சாணுக்கு ஒரு கொத்து என்று நட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. புல் பிடித்து மெத்தையானதும் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்து, "இங்க விழுங்க, வலிக்காது" என்றாராம். அவர் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மூன்று மாதத்தில் தடியோடு நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தார்.

இல்லத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு முற்றத்துக் கல்லை எல்லாம் பெயர்த்தார்கள். புல் போட அக்காவையே கூப்பிட்டார்கள். வந்தவர் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டார்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் புல்தரையில் புழு விழுந்தபோது அவர் ஏன் அப்படி நின்றார் என்று தெரியவேண்டும்.

டிரைவர் வந்த மாதம் நல்ல மழை பிடித்தது. பத்து நாள் பெய்து வெறித்தது. நான் துணி போடும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புல் ஒரு பாய் அளவுக்குப் பழுப்பாகிவிட்டது. மழை பெய்த தரை காய்வானேன் என்று அக்காவுக்கே புரியவில்லை. இரண்டு நாள் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பாய் இரண்டு பாயாகியிருந்தது. பழுப்பின் ஓரம் தினம் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று காலையில் மொட்டை.

"அக்கா, உங்க மருமக ராத்திரியில தனியா எழுந்து வேலை பாக்குறாளா?" என்று வராந்தாவிலிருந்து டிரைவர் கேட்டார்.

"பாத்தா இவ்வளவு சுத்தமாவா பாப்பா? இது வேற எவளோ."

அன்று காலை மைனாக்கள் முப்பது நாற்பது வந்து இறங்கியிருந்தன. பழுப்பில் ஒன்றுகூட இல்லை. பச்சையும் பழுப்பும் சேருகிற ஓரத்தில் மட்டும் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. அக்கா இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு நேராக என் துவைக்கிற அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு வாளி சோப்புத்தண்ணி குடு."

"எதுக்குக்கா?"

"மைனாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே. அதுக்கு."

ஓரத்தில் ஒரு கை நீளத்துக்குச் சதுரமாகப் பார்த்து அந்தத் தண்ணீரை ஊற்றினார். டிரைவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். நான், டீச்சர் எல்லோரும் குனிந்து நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் புல்லடி அசைந்தது. ஒரு புழு தலையைத் தூக்கியது. இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை நெளிய ஆரம்பித்துவிட்டது. விரல் நீளம் இருக்கும், பழுப்பும் பச்சையுமாக, பக்கவாட்டில் கோடு கோடாக. தலையில் தலைகீழாக வைத்த கவண் மாதிரி ஒரு வெள்ளைக் குறி. அந்த ஒரு சதுரத்தில் மட்டும் முப்பத்தொன்பது. பகலெல்லாம் வேருக்குள் பதுங்கிக் கிடந்து, இருட்டினால் எழுந்து மேய்ந்திருக்கிறது. நாங்கள் தண்ணீர் காட்டி வளர்த்திருக்கிறோம்.

அக்கா நாலைந்தைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வேலிக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மக்காச்சோளம் போட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினார்.

"இதைப் போய் என்கிட்ட கொண்டு வர்றீங்களேம்மா" என்றார் அவர். "வாங்க, எங்க வீட்டுக் கூத்தைப் பாருங்க."

சோளத்து இலையெல்லாம் சல்லடையாக இருந்தது. குருத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம். அதற்குள் ஒரு புழு சொகுசாகச் சுருண்டு கிடந்தது.

"படைப்புழும்மா. இருக்குற இடத்துல தின்னு தீந்துட்டா, கூட்டமா அடுத்த வயலுக்கு நடக்கும். என் வயல்ல பாதி போச்சு. மிச்சத்தைக் குருத்து குருத்தா மணல் போட்டுக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

"அப்ப உங்க வீட்டுலேர்ந்துதான் எங்க வீட்டுக்கு விருந்தாளி."

"வந்திருக்கலாம். நான் அழைப்பு வைக்கலைம்மா."

அன்று மத்தியானமே மேனேஜர் புல்தரையைப் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் நின்றால் கஷ்டப்படுகிறவர், அவ்வளவுதான். மேலே இருக்கிறவர்கள் ஏற்கெனவே அவரிடம், முற்றத்துக்குச் சிமெண்ட் கல் பதித்தால் வண்டி நிறுத்த வசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷமருந்து அடிக்கலாமா என்று முதலில் யோசித்தார். முகம் குப்புற விழுகிறவர்கள் பழகும் இடத்தில் அதெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்ப வேற வழி இல்லைம்மா. கல்லு பதிச்சிடலாம். வருஷா வருஷம் இந்தத் தொல்லை வேணாம்" என்றார் மேனேஜர்.

"கல்லுல யாரும் விழப் பழக மாட்டாங்கய்யா" என்றார் அக்கா. "விழப் பழகாதவங்க நடக்கப் பழக மாட்டாங்க."

"உள்ள நடைபாதை இருக்கே. பளபளன்னு டைல்ஸ்."

டிரைவர் அந்த நடைபாதையில் அன்று காலைதான் வழுக்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருந்தார். முழங்கையில் கட்டு. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சார், புல்லு போச்சுன்னா நானும் போறேன். வந்த மாதிரியே நாற்காலியில உக்காந்து போயிடுறேன். அந்த டைல்ஸ்ல என்னால இன்னொரு தடவை முடியாது."

மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். இந்த வாரங்களை விட்டால் அந்தக் கால் அவருக்குப் பழகாது, மூலையில்தான் கிடக்கும் என்று டீச்சர் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அக்கா பழுப்பான இடத்தில் உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளி எடுத்தார். தண்டைப் பிளந்து மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"மேலதான்யா தின்னிருக்கு. உள்ள உசிரு இருக்கு. மூணு வாரம் குடுங்க."

"மூணு வாரத்துல பச்சை தெரியலைன்னா?"

"கல்லை நானே தூக்கிப் போடுறேன்."

அன்றே ஆரம்பித்தார். வேலி ஓரமாக நீளத்துக்கும் ஒரு சாண் ஆழத்தில் பள்ளம் வெட்டினார். சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டினால் நடந்து வருகிற புழு அதில் விழும், ஏறத் திணறும் என்று சோளக்காரர் சொல்லியிருந்தார். புல்தரையைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டமாகச் சோப்புத்தண்ணீர் ஊற்ற, மேலே வந்ததைப் பொறுக்க, கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலச. பொறுக்குகிற வேலைக்கு ஆள் கேட்கவில்லை. டிரைவர்தான் முதலில் டப்பாவோடு வந்தார். மறுநாள் ஆறு சக்கர நாற்காலிகள் கட்டத்தைச் சுற்றி நின்றன. எழுந்து நிற்க முடியாதவர்கள் எல்லாம் குனிந்து பொறுக்கினார்கள். கை நடுங்குகிற ஒரு பெரியவர், ஒரு புழுவைப் பிடிக்க நாலு தடவை முயற்சி செய்து ஐந்தாவது தடவை பிடித்துவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அதிகாலையில் நான் என் ஜெபத்தை முடித்து ஜன்னலைத் திறந்தால், அக்கா ஏற்கெனவே அங்கே முட்டிபோட்டுக்கொண்டிருப்பார். அவர் செய்ததும் ஜெபம்தான் என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறக்காத ஜெபம்.

நானும் என் பங்குக்குப் புழுவுக்காகக் கடவுளிடம் சொன்னேன். யாரையும் அழிக்கச் சொல்லி வேண்டிப் பழக்கமில்லை. அதனால், "இதுகளை வேற எங்காவது கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்துச் சோளக்காரர் நினைவு வந்து, "அவர் பக்கமும் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. பெரிய புழுக்கள் குறைந்தன. ஆனால் பழுப்பு நிற்கவில்லை. பள்ளத்திலும் அப்படி ஒன்றும் கூட்டம் விழவில்லை. காலையில் எட்டு, பத்து. அது அக்காவை உறுத்தியது.

"படை வர்ற வழி இதுன்னா பள்ளம் நிறையணுமே" என்றார் என்னிடம். "வாசல்ல காவல் போட்டுட்டு நிக்கிறேன். வீட்டுக்குள்ள ஆள் குறையவே இல்லையே."

இரண்டாவது வாரம் நடுவில், கொடிக்கம்பத்துக்குக் கீழே ஊற்றிய சோப்புத்தண்ணீரில் நூல் மாதிரி மெல்லிசான குஞ்சுப் புழுக்கள் வந்தன. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அக்கா ஒன்றை விரல் நுனியில் ஏற்றி எங்களிடம் காட்டினார்.

"இந்தப் பால்குடி சோளக்காட்டுலேர்ந்து நடந்தா வந்திருக்கும்?"

"யாராச்சும் தூக்கிட்டு வந்து விட்டிருப்பாங்க" என்று டிரைவர் கிண்டலாகச் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. "ஆமா. பெத்தவ இங்கதான் எங்கயோ பெத்துப் போட்டிருக்கா. எங்கன்னுதான் தெரியலை." அன்று முழுவதும் புல்லை ஒவ்வொரு இதழாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் ஒன்பது நாள்தான் பாக்கி. டிரைவர் மனைவிக்குத் தகவல் அனுப்பிவிட்டார், இன்னும் கொஞ்ச நாளில் வந்து கூட்டிப் போகச் சொல்லி. பெட்டியைக் கட்டில் மேலேயே எடுத்து வைத்துக்கொண்டார்.

இனி நான் எழுத வேண்டியது என்னைப் பற்றியது. சுருக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்தில் தினம் நாற்பது பெட்ஷீட் வரும். எல்லாம் வெள்ளை. அந்த வருஷ ஈரத்தில், மத்தியானம் துவைத்துக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் காயவில்லை. அதனால் முதல்முறையாக இரவு முழுக்க விட்டுவைத்தேன். கொடிக்குப் பக்கத்திலேயே விளக்குக்கம்பம். ராத்திரி பூராவும் அது எரியும். காலையில் போய் ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து, புல் மேல் நின்று படார் படார் என்று உதறி மடிப்பேன். உதறினால்தான் சுருக்கம் போகும், மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த மழைக்காலத்தில் ஷீட்டில் அங்கங்கே சாம்பல் நிறத்தில் பஞ்சுத்திட்டு ஒட்டியிருந்தது. கட்டை விரல் நகம் அளவுக்கு. மழைக்குப் பூசணம் பிடித்திருக்கிறது என்று நினைத்து, நகத்தால் சுரண்டிப் புல்லில் உதறிவிட்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் பாக்கி இருந்த அன்று காலையும் அதைத்தான் செய்தேன். அக்கா பக்கத்துக் கட்டத்தில் முட்டிபோட்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி. அந்தக் கையை அப்படியே வை."

வந்து என் கட்டை விரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பஞ்சுத்திட்டை ஒரு குச்சியால் நீக்கினார். உள்ளே கசகசா மாதிரி பொடி மணிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. நூறுக்குக் குறையாது.

"என்னக்கா இது?"

"முட்டை. அந்துப்பூச்சி தன் மயிரைப் பிச்சு மேல போத்திவிட்டிருக்கு, குளிராம."

கையிலிருந்த ஷீட்டில் இன்னும் இரண்டு திட்டு இருந்தது. மழை தொடங்கியதிலிருந்து எத்தனை காலை, எத்தனை உதறல் என்று மனம் பின்னால் ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நாங்கள் காவல் இருந்தோம். நானோ தினம் காலையில் எழுந்து, ஜெபம் பண்ணி, படையை என் கையாலேயே விதைத்திருக்கிறேன்.

"அக்கா, நான்..." என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷீட்டைத்தான் பார்த்தார். "அதுக்கும் வெள்ளைன்னா பிடிக்கும்போல. பக்கத்துலயே விளக்கு வேற. ராத்திரி பாத்தா மாளிகை மாதிரி தெரிஞ்சிருக்கும் அதுக்கு. நீ இவ்வளவு வெளுப்பா துவைச்சிருக்கக் கூடாது தங்கச்சி."

நான் அழுதேன். "அழுதுக்கிட்டே சுரண்டு. டப்பா அங்க இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா ஷீட்டோடு நிறுத்தவில்லை. வெள்ளையாக என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்று சுற்றினார். விளக்குக்கம்பத்தில் திட்டு. வராந்தா சுவரில் திட்டு. ஜன்னல் மேல் தளத்துக்கு அடியில் வரிசையாகத் திட்டு. குஞ்சு பொரித்ததும் நூலில் தொங்கி இறங்கிப் புல்லுக்குப் போக வேண்டியதுதான். மேனேஜரிடம் போய்ப் பூச்சிக்காக என்று மட்டும் சொல்லி, கம்பத்து விளக்கை அணைக்க அனுமதி வாங்கினார். காவல்காரருக்கு ஒரு கைவிளக்கு கொடுத்தார். எனக்கு ஒரே கட்டளை: சாயங்காலம் ஆறு மணிக்குள் துணியெல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். காயாததை வராந்தாவுக்குள் கயிறு கட்டிப் போட்டேன். அதிகாலையிலேயே துவைக்கத் தொடங்கினேன்.

சுவருக்கு எல்லோரும் சேர்ந்தோம். கையில் ஆளுக்கொரு மழுங்கின கத்தி, சோப்புத்தண்ணீர் டப்பா.

"சக்கர நாற்காலிக்காரங்க கீழ்வரிசை. நிக்கிறவங்க மேல்வரிசை" என்று அக்கா பங்கு பிரித்தார்.

"நான் எந்த வரிசை?" என்று டிரைவர் கேட்டார்.

"நீங்கதான் பெட்டி கட்டிட்டீங்களே. ஊருக்குப் போறவங்களுக்கு வரிசை கிடையாது."

டிரைவர் முகம் சிவந்துவிட்டது. அறைக்குப் போய்ப் புதுக்காலை மாட்டிக்கொண்டு வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் மேல்வரிசையைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு திட்டு முடிந்ததும் பக்கத்துத் திட்டுக்கு நகர்ந்தார். அப்படியே ஜன்னல் வரை போனார். ஊன்றுகோல் பின்னால் எங்கேயோ நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. டீச்சர் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். அக்கா தலையை லேசாக ஆட்ட, டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது நாள் கட்டத்தில் ஊற்றிய சோப்புத்தண்ணீரில் மூன்றே புழு வந்தது. அடுத்த நாள் ஒன்று. மைனாக்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டன. அக்கா காலையில் மட்டும் அளவாகத் தண்ணீர் விட்டார். மருமகளைத் தொடவே இல்லை. "பச்சை உடம்பு. கத்தி படக் கூடாது" என்றார். பழுப்புக்குள் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. முதலில் சாய்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. பிறகு நின்று பார்த்தாலும் தெரிந்தது.

இருபத்தோராம் நாள் மேனேஜர் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் காகிதமுமாக வந்தார். புல்தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முழுப் பச்சை இல்லை. தலை மொட்டையடித்துப் பத்து நாள் ஆன மாதிரி இருந்தது. ஆனால் மொட்டை இல்லை.

"சரிம்மா" என்றார். "நீங்க ஜெயிச்சீங்க. ஆனா மேலே பதில் எழுதணும். புழு எப்படி உள்ள வந்துச்சு? சோளக்காட்டுலேர்ந்தா?"

"அந்துப்பூச்சி பறந்து வந்துச்சுய்யா. விளக்கு எரிஞ்சுது, வந்துச்சு."

"விளக்கு எவ்வளவு வருஷமா எரியுது. இந்த வருஷம் மட்டும் ஏன்?"

அக்கா நகர்ந்து மருமகள் பக்கம் போய் நின்றார். மூன்று வாரமாக அந்த மனுஷியின் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா நிற்பது? பொய் சொல்லவில்லை என்றாலும், மறைத்தால் அதுவும் பொய்க் கணக்குத்தான். மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"ஐயா, அது வந்து, நான்தான் தினமும் ஷீட்டை..."

'டர்ர்ர்' என்று மருமகள் உறுமினாள். ஒரே இழுப்பில் எழுந்தது அன்று ஒருநாள்தான். புகை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றது. நான் வாயசைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. மேனேஜர் காதில் கைவைத்து, "என்னம்மா அதுக்கு?" என்று கத்தினார்.

"இருமல்யா" என்று அக்கா கத்தினார்.

வராந்தாவில் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். நிஜமாக விழப் போய், தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எப்போதோ புரிந்திருக்கிறது, தான் விழுந்த அன்று இந்த இருமல் யாருக்காக வந்தது என்று. மேனேஜர் அந்தச் சத்தம் தாங்காமல் காகிதத்தில் 'மழைக்காலப் பூச்சி' என்று எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கல் பதிக்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

மெஷினை நிறுத்தியதும் நான் கேட்டேன், "ஏன்கா இப்படிப் பண்ணினீங்க?"

"விழுந்தா எழுந்துக்கணும். அவ்வளவுதானே. நீ எழுந்துட்டே. அதை அவர் ஏன் பாக்கணும்?"

அன்று நான் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிட்டேன். இப்போது மெஷின் சத்தம் போட ஆளில்லை.

டிரைவர் இன்னும் ஐந்து வாரம் இருந்தார். அந்த இளம்புல்லில் எத்தனை தடவை விழுந்தாரோ. கடைசி நாள் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்க, அவர் ஒரே ஒரு ஊன்றுகோலோடு வராந்தாவிலிருந்து என் கொடிக்கம்பம் வரை நடந்தார். கம்பத்தைத் தொட்டுவிட்டு, "அக்கா, டெர்மினஸ் வந்தாச்சு. எல்லாரும் இறங்குங்க" என்றார். அக்கா அன்று அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மருமகளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக.

அதற்குப் பிறகு அக்கா ஆறு வருஷம் வேலை பார்த்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் காலையில் வெள்ளைச் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து தலையை நீட்டுவார். நான் கொடியை முழுக்க எடுத்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள்கூடப் பழையதைச் சொல்லிக்காட்டியதில்லை. டிரைவரிடமிருந்து ஆண்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் 'மருமகள் நலமா' என்று ஒரு வரி இருக்கும்.

முட்டி இரண்டும் தேய்ந்து, கயிறு இழுக்கத் தோளும் மறுத்தபோது, வெளியூரில் இருந்த மகள் வந்து கூட்டிப் போனாள். ஒரே ஒரு பெட்டி. புல்தரையை ஒரு தடவை செருப்பில்லாமல் சுற்றி வந்தார். வாசலில் வண்டி நின்றது. நான் அழக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இனி பார்ப்போமோ மாட்டோமோ என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மகள் எழுதினாள்.

அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் கொடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வெயில் சாய்ந்திருந்தது.

"மணி அஞ்சரை ஆச்சு தங்கச்சி" என்றார். "என்னைப் பாத்துக்கிட்டு நிக்காதே. போய்த் துணியை எடு."